யாராவது ஒருத்தர் செய்து பார்க்க வேண்டும்

1954 மார்ச்சில் மெல்போர்னில் அறிவியல் கருவிகளுக்கான கண்காட்சி ஒன்று நடந்தது. ஆலன் வால்ஷ் என்ற விஞ்ஞானி தான் உருவாக்கிய கருவியைக் கொண்டுபோய் வைத்து, ஓட்டியும் காட்டினார். ஒரு பக்கம் விளக்கு. நடுவில் தீச்சுடர், அதற்குள் தெளிக்கப்படும் கரைசல். மறுபக்கம், சுடரைத் தாண்டி வரும் ஒளியை அளக்கும் பகுதி. வந்தவர்கள் பார்த்தார்கள், அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள். யாருக்கும் அதில் அக்கறை பிறக்கவில்லை.

நான் கோவையில் தண்ணீரையும் உணவுப் பொருளையும் பரிசோதிக்கும் ஒரு லேபில் வேலை செய்கிறேன். காலையில் வந்ததும் நாங்கள் ஆன் செய்து சூடேற விடும் முதல் கருவி அந்த மேசையில் இருந்ததன் வாரிசுதான். ஏ.ஏ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வோம்; அணு உறிஞ்சல் நிறமாலைமானி என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். கரைசலில் ஓர் உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கருவி. குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அவ்வளவு சின்ன அளவைத் துணிந்து எண்ணாக எழுதிக் கையெழுத்துப் போட முடிகிறதென்றால், அதற்கு அடிப்படை போட்டவர்களில் வால்ஷ் முக்கியமானவர்.

அவருக்கு அந்த யோசனை வந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். இங்கிலாந்தில் இருந்தபோது உலோகங்களைச் சூடாக்கி, அவை உமிழும் ஒளியை வைத்து அளக்கும் வேலையைச் செய்தவர். ஆஸ்திரேலியாவுக்கு வந்து அந்நாட்டு அரசின் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் சேர்ந்த பிறகு மூலக்கூறுகள் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுவதை அளக்கும் வேலை. 1952 தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக் காய்கறித் தோட்டத்தில் இருந்தபோது அவருக்குள் ஒரு கேள்வி: அணுக்களுக்கு மட்டும் ஏன் உமிழும் ஒளியையே பிடித்துத் தொங்குகிறோம், மூலக்கூறுகளுக்குச் செய்வது மாதிரி உறிஞ்சப்படும் ஒளியை ஏன் அளக்கக்கூடாது? சுடருக்குள் போகும் அணுக்களில் பெரும்பாலானவை ஒளியை உமிழாமல், ஆற்றல் குறைந்த அடிநிலையிலேயே இருக்கின்றன. உமிழ்வதை மட்டும் அளந்தால் கொஞ்சப் பேரைத்தான் எண்ணுகிறோம். உறிஞ்சுவதை அளந்தால் மீதிப் பேரும் கணக்கில் வருவார்கள். திங்கட்கிழமை காலையே சோடியம் விளக்கை வைத்துச் செய்து பார்த்துவிட்டார்.

ஒரு சிக்கல் இருந்தது. சுடரும் தன் பங்குக்கு ஒளி விடும். விளக்கிலிருந்து வரும் ஒளி எது, சுடரின் ஒளி எது என்று டிடெக்டருக்கு எப்படித் தெரியும்? விளக்கின் ஒளியைக் குறிப்பிட்ட வேகத்தில் விட்டு விட்டு அனுப்பினார். அந்த வேகத்தில் துடிக்கும் சிக்னலை மட்டும் பெருக்கி அளந்தார். தொடர்ச்சியாக எரியும் சுடரின் ஒளி கணக்கிலிருந்து கழன்றுவிட்டது. மாணவர்களுக்கு இந்த இடத்தை விளக்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்கே சந்தோஷமாக இருக்கும்.

1955ல் வால்ஷின் கட்டுரை வெளியானது. அதே ஆண்டில் நெதர்லாந்தில் ஆல்கெமேட், மிலாட்ஸ் என்ற இருவரும் தனியாக இதே யோசனையை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் பெரிய சலனம் இல்லை. நிலைமையை மாற்றியவர்கள் மண்ணோடும் பயிரோடும் வேலை செய்தவர்கள். நியூசிலாந்தில் ஆலன் என்பவர் விவசாய மாதிரிகளில் மெக்னீசியத்தை இந்த முறையில் அளந்தார். கான்பெராவில் டேவிட் என்பவர் செடிகளில் துத்தநாகத்தை அளந்தார். இரண்டும் 1958 வாக்கில். அவர்கள் கையில் நிஜமான சாம்பிள்கள் இருந்தன, பதில் தெரிய வேண்டிய கேள்விகளும் இருந்தன. மெல்போர்னில் டெக்ட்ரான் என்ற சிறு நிறுவனம் கருவியைச் செய்து விற்க ஆரம்பித்தது. அப்புறம் அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 1977ல் வால்ஷுக்கு சர் பட்டம் கிடைத்தது. பட்டம் நல்லதுதான். ஆனால் அந்த முறையைக் காப்பாற்றியது, 1958ல் அதை எடுத்துத் தன் வேலைக்குப் பயன்படுத்திப் பார்த்த அந்த இரண்டு பேர் என்றுதான் நான் நினைக்கிறேன்.

எதில் எது எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் பகுப்பாய்வு வேதியியலில் புது ஆராய்ச்சியை எப்படி அங்கீகரிப்பது, எப்படி ஆதரிப்பது என்று பேச்சு வரும்போதெல்லாம் நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். ஒருவர் புது மூலக்கூறு ஒன்றைச் செய்தால், அது அவர் குப்பியில் இருக்கிறது, எடுத்துக் காட்டலாம். புது அளவீட்டு முறை அப்படியில்லை. கண்டுபிடித்தவர் மேசையில், அவர் கலக்கிய கரைசலில், அவர் கையால் சரியாக வருகிறது என்பது பாதி விஷயம்கூட இல்லை. சமைத்தவரே ருசி பார்த்துச் சான்றிதழ் எழுதிக்கொள்வது மாதிரிதான் அது. இன்னொருவர், வேறு ஊரில், வேறு சாம்பிளில் செய்து பார்க்கும்போதுதான் அது முறை ஆகிறது. அதனால் இந்தத் துறையில் ஒருவருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய மரியாதை, அவர் சொன்னதைச் செய்து பார்ப்பது.

கல்லூரிகளில் நடக்கும் கருத்தரங்குகளுக்குப் போஸ்டர் நடுவராக அவ்வப்போது என்னைக் கூப்பிடுவார்கள். தொழிலில் இருப்பவர் ஒருவர் வேண்டும் என்பதற்காக. விரும்பிப் போவேன். வரிசையாக நிற்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் ஏதாவது ஒரு சென்சார் செய்திருப்பார்கள். நானோ துகள், கார்பன் புள்ளி, நிறம் மாறும் காகிதப் பட்டை. போஸ்டரில் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் பெரிதாக இருக்கும். எவ்வளவு குறைந்த அளவைக் கண்டுபிடிக்கும் என்ற எண்ணும் தடித்த எழுத்தில் இருக்கும். நான் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "இதை எந்தத் தண்ணீரில் செய்தீர்கள்?" பெரும்பாலும் வரும் பதில், "டிஸ்டில்டு வாட்டர், மேடம்."

சமீபத்தில் ஒரு பெண் வேறு பதில் சொன்னாள். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. ஃப்ளோரைடை அளக்கும் காகிதப் பட்டை செய்திருந்தாள். ஜிர்கோனியமும் ஒரு சாயமும் சேர்ந்த சிவப்பு நிறம்; ஃப்ளோரைடு வந்தால் ஜிர்கோனியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், சிவப்பு வெளுக்கும். பழைய தத்துவம்தான், எங்கள் லேபிலும் இதை வைத்து ஒரு முறை உண்டு. அவள் அதைக் காகிதத்தில் ஏற்றி, செல்போன் கேமராவில் படம் எடுத்து, நிறத்தை எண்ணாக்கியிருந்தாள். ஊர் பென்னாகரம் பக்கம். தர்மபுரி மாவட்டத்தில் போர்வெல் தண்ணீரின் ஃப்ளோரைடு என்ன செய்யும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பல்லில் கறை விழுந்தவர்களையும் மூட்டு இறுகிப்போனவர்களையும் பார்த்து வளர்ந்தவள். தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்த ஃப்ளோரைடால்தான்.

போஸ்டரின் கீழ் மூலையில் ஒரு சின்ன அட்டவணை வைத்திருந்தாள். டிஸ்டில்டு வாட்டரில் தெரிந்த அளவு ஃப்ளோரைடைச் சேர்த்து அளந்தால் 98 சதவீதம் திரும்பக் கிடைக்கிறது. ஊர் போர்வெல் தண்ணீரில் அதே அளவைச் சேர்த்து அளந்தால் 72.

"ஏம்மா, இந்த 72ஐ ஏன் போட்டாய்?" என்று கேட்டேன்.

"வந்தது அதுதானே, மேடம்."

"ஏன் குறைந்தது என்று பார்த்தாயா?"

"எங்க ஊர்த் தண்ணியில காரத்தன்மை அதிகம், மேடம். பட்டையில் இருக்கிற அமிலத்தைத் தண்ணியே தின்னுடுது. அமிலத்தைக் கூட்டிப் போட்ட பட்டையில 90 வரைக்கும் வந்துச்சு. ஆனா அதுல சாயம் ஓரத்துக்கு ஓடிடுது. அதுக்கு இன்னும் வழி தெரியல."

அந்த ஹாலில் நான் அன்று கேட்டதில் இதுதான் நிஜமான பகுப்பாய்வு வேதியியல். தடை எது என்று கண்டுபிடித்திருக்கிறாள், அதை மாற்றிப் பார்த்திருக்கிறாள், மாற்றியதால் வந்த புதுச் சிக்கலையும் மறைக்காமல் சொல்கிறாள். மதிப்பெண் தாளில் இதற்கு இடமே இல்லை. "புதுமை" என்று ஒரு கட்டம், "காட்சியமைப்பு" என்று ஒரு கட்டம், "பத்திரிகையில் வெளியானதா" என்று ஒரு கட்டம். நிஜ சாம்பிளில் சோதித்ததற்கு எந்தக் கட்டத்தில் மார்க் போடுவது? மற்ற நடுவர்களிடம் நான் கொஞ்சம் நீளமாகவே வாதாடினேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, கையிலிருந்த தாள் அப்படி. முதல் பரிசு வேறொரு போஸ்டருக்குப் போனது. அதன் அட்டவணையில் எல்லா எண்ணும் 99க்கும் 101க்கும் நடுவில் இருந்தது. 72ஐ அச்சடித்துக் கொண்டுவரும் தைரியத்துக்கு நாம் பரிசு கொடுக்காவிட்டால், அடுத்த வருடம் யாரும் அதைக் கொண்டுவர மாட்டார்கள். பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள்.

நல்ல முறை ஒன்று கவனிக்க ஆளில்லாமல் எவ்வளவு காலம் கிடக்கும் என்பதற்கு மிகயில் ஸ்வெட் கதையைவிட வருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1903 மார்ச் 21 அன்று வார்சாவில் இயற்கையியலாளர் சங்கத்தில் அவர் தன் முறையைப் பற்றி உரையாற்றினார். கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை இறுக்கி நிரப்பி, மேலிருந்து இலைச்சாற்றை ஊற்றி, கரைப்பானைத் தொடர்ந்து விட்டால் பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரியும். 1906ல் ஜெர்மன் மொழியில் விரிவாக எழுதி, குரோமட்டோகிராஃபி என்று பெயரும் வைத்தார். அவர் தாவரவியலாளர். அந்தக் காலத்து வேதியியல் பெரியவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாவர நிறமிகளுக்காக 1915ல் நோபல் வாங்கிய வில்ஷ்டேட்டரே இந்த முறையை நம்பவில்லை. 1918ல் ஒருவர் ஸ்வெட்டின் பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்தார், கிடைக்கவில்லை. போரால் வார்சாவிலிருந்து இடம்பெயர்ந்து, உடல் நலிந்து, 1919ல் வரோனெஷ் நகரில் இறந்துபோனார். வயது 47.

1931ல் ஹைடல்பர்கில் ரிச்சர்ட் கூனின் ஆய்வகத்தில் எட்கர் லெடரர் என்ற இளைஞர் ஸ்வெட் எழுதியதைப் படித்து, அப்படியே செய்து பார்த்தார். ஒரே பொருள் என்று நினைத்திருந்த கரோட்டின் இரண்டாகப் பிரிந்தது. அதன் பிறகு சில ஆண்டுகளிலேயே அந்தக் கண்ணாடிக் குழாய் எல்லா ஆய்வகத்துக்கும் வந்துவிட்டது. 1937ல் காரர், 1938ல் கூன் என்று கரோட்டினாய்டு, வைட்டமின் ஆராய்ச்சிக்கு அடுத்தடுத்து நோபல் பரிசுகள். இன்று நாங்கள் நிலக்கடலையில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று பார்க்கும் ஹெச்.பி.எல்.சி. என்ற குரோமட்டோகிராஃபிக் கருவியில் இருப்பதும் தூளை இறுக்கி நிரப்பிய ஒரு குழாய்தான். 1903க்கும் 1931க்கும் நடுவில் 28 ஆண்டுகள். தேவைப்பட்டது படித்துவிட்டுச் செய்து பார்க்க ஒருவர், அவ்வளவுதான்.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். செய்து பார்க்கச் சொல்வது சுலபம். செய்து பார்க்கப் பணம் வேண்டும். ஹெச்.பி.எல்.சி.க்கு வேண்டிய தரத்தில் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானின் விலை கேட்டால் ஒரு கல்லூரித் துறைத்தலைவர் தலையைப் பிடித்துக்கொள்வார். அளவு சரிபார்க்க ஒப்பிடும் சான்றளிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு சின்னக் குப்பியில் வரும், விலை சின்னதாக இருக்காது. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் புராஜெக்ட்டுகளுக்குச் சிறு தொகை கொடுக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் இருக்கும் உயர்நிலைக் கருவி மையத்துக்கு வெளிக் கல்லூரி மாணவர்களும் கட்டணம் கட்டிச் சாம்பிள் அனுப்பலாம். இரண்டும் உண்மையிலேயே நல்ல ஏற்பாடுகள். பல கல்லூரிகளில் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

உல்லன் வியாபாரம் வேதியியலுக்குச் செய்த உதவியைப் பற்றிப் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா நாடுகளின் கம்பளி உற்பத்தியாளர்கள் ஆதரவில் நடந்த சர்வதேசக் கம்பளி அமைப்பு, 1938ல் ரிச்சர்ட் சிங் (Synge) என்ற கேம்பிரிட்ஜ் மாணவருக்கு உதவித்தொகை கொடுத்தது. கம்பளியில் இருக்கும் அமினோ அமிலங்களை ஆராய வேண்டும் என்பதுதான் வேலை. லீட்ஸ் நகரின் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஆர்ச்சர் மார்ட்டினோடு அவர் சேர்ந்தார். சிலிக்கா ஜெல்லில் தண்ணீரைப் பிடித்து வைத்து, அதன் வழியே குளோரோஃபார்மை ஓடவிட்டு, அமினோ அமில வகைகளைப் பிரித்தார்கள். எங்கே பிரிகிறது என்று தெரிய மெத்தில் ஆரஞ்சு. நம் பள்ளிக்கூட லேபில் டைட்ரேஷனுக்கு விடுகிற அதே மெத்தில் ஆரஞ்சுதான்! 1941ல் கட்டுரை வந்தது, 1952ல் நோபல் பரிசு வந்தது.

அந்த 1941 கட்டுரையிலேயே ஒரு வரி எழுதியிருந்தார்கள்: ஓடும் பொருள் திரவமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஆவியாகவும் இருக்கலாம் என்று. பத்து வருடம் யாரும் அதைத் தொடவில்லை. கடைசியில் மார்ட்டினே ஜேம்ஸ் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து செய்து, 1952ல் வெளியிட்டார். வாயுக் குரோமட்டோகிராஃபி பிறந்தது அப்படித்தான். எல்லாரும் படிக்கக் கிடைத்த ஒரு பத்திரிகையில் அந்த வரி பத்து வருடம் இருந்திருக்கிறது. நான் மாணவர்களிடம் பழைய கட்டுரைகளைக் கடைசிப் பத்தி வரை படியுங்கள் என்று நச்சரிப்பது இதற்காகத்தான்.

நம் பக்கத்திலும் அப்படிக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வர வேண்டும் என்று அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கல் நாளில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அந்தக் காலத்துப் 15 லட்சம்! அரிப்பு, மின்கலம், உலோகப் பூச்சு, மின்வேதிச் சென்சார் என்று பயன்பாட்டு வேதியியலில் எத்தனை பேர் அங்கிருந்து வந்திருக்கிறார்கள். என் எம்.எஸ்சி. புராஜெக்ட்டும் அங்கேதான். மாணவி என்று பாராமல் கருவியில் கை வைக்க விட்டார்கள். அந்தப் பழக்கத்தில்தான் இன்றும் என் வண்டி ஓடுகிறது.

இப்போது பணம் படைத்தவர்கள் நம் ஊரில் முன்பைவிட அதிகம். கட்டடத்துக்குக் கொடுக்கிறார்கள், கல்வெட்டில் பெயர் வருகிறது. ஒரு கல்லூரி லேபுக்கு ஐந்து வருடத்துக்கான ஸ்டாண்டர்டுகளும் கருவிப் பராமரிப்பு ஒப்பந்தமும் வாங்கிக் கொடுக்கிறேன் என்று எவரும் முன்வந்து நான் பார்க்கவில்லை. கருவி வாங்கிய உற்சாகத்தில் ரிப்பன் வெட்டுவார்கள். மூன்றாம் வருடம் விளக்கு போய்விடும், மாற்று விளக்கு வாங்கக் காசு இருக்காது, துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். ஏ.ஏ.எஸ்.ஸுக்கு ஒளி கொடுக்கும் ஒரு ஹாலோ கேத்தோடு விளக்கு வாங்கிக் கொடுங்கள், சாமி. கல்வெட்டு வேண்டுமானால் அதற்கும் வைக்கலாம்.

காசே செலவாகாத ஆதரவு ஒன்றும் உண்டு. 1987ல் ஜப்பானில் ஷிமாட்சு நிறுவனத்தில் வேலை பார்த்த கொய்ச்சி தனகா, லேசரை வைத்துப் பெரிய புரத மூலக்கூறுகளைச் சிதையாமல் அயனியாக்கிக் காட்டினார். சொன்ன இடம் ஜப்பான்-சீனா கூட்டுக் கருத்தரங்கு ஒன்று. உலகம் கவனிக்கும் மேடை இல்லை. அவரிடம் பி.எச்டி. பட்டமும் இல்லை. அதே சமயத்தில் ஜெர்மனியில் காரஸ், ஹில்லன்காம்ப் இருவரும் இன்னும் நன்றாக வேலை செய்யும் முறை ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். 1988ல் புரதங்களைப் பற்றி அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், தனகா குழு கருத்தரங்கில் சொன்னதை நேர்மையாகக் குறிப்பிட்டார்கள். 2002ல் நோபல் பரிசில் தனகாவுக்குப் பங்கு கிடைத்தது. அந்த இருவருக்கும் கிடைக்கவில்லை. அது சரியா என்று அப்போது பெரிய விவாதமே நடந்தது. அவர்களுக்கும் கொடுத்திருக்கலாம் என்பது என் கருத்து. எப்படியானாலும், தங்களுக்கு முந்தியவரின் பெயரை அவர்கள் எழுதிய விதத்தை என் மாணவர்களுக்கு நான் காட்டுகிறேன். நம் ஊர்க் கட்டுரைகளில் பக்கத்துக் கல்லூரிக்காரர் செய்ததைக் குறிப்பிடுவது அபூர்வம். மேற்கோள் பட்டியலில் வெளிநாட்டுக் கட்டுரை நாற்பது இருக்கும். பக்கத்துக் கல்லூரிக்காரர் செய்ததைப் படியுங்கள், அதில் நல்லது இருந்தால் பெயரோடு எழுதுங்கள்.

கருத்தரங்கு நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மதிப்பெண் தாளில் ஒரு கட்டத்தைச் சேருங்கள்: நிஜ சாம்பிளில் செய்தார்களா, தடைகளைச் சோதித்தார்களா, வேறு ஒரு முறையோடு ஒப்பிட்டார்களா. அந்தக் கட்டத்துக்குக் காட்சியமைப்பைவிட இரண்டு மடங்கு மார்க் வையுங்கள். வெற்றி பெறுகிற போஸ்டருக்குக் கேடயத்துக்குப் பதிலாக ஏதாவது ஒரு லேபில் பத்து சாம்பிள் ஓட்டும் உரிமையைப் பரிசாகக் கொடுங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருக்கும் தனியார் லேபுகள் கேட்டால் மறுக்காது என்று நம்புகிறேன். எங்கள் நிர்வாகத்திடம் கேட்டேன், மாதக் கடைசியில் கருவி சும்மா இருக்கும் நேரத்தில் செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பென்னாகரத்துப் பெண்ணிடம் போர்வெல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து இரண்டாகப் பிரித்து, ஒன்றை எங்களுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டிலே போதும், ஃப்ளோரைடுக்கு அதுதான் சரி. நாங்கள் மின்முனை, அயனிக் குரோமட்டோகிராஃபி என்ற வேறு இரண்டு முறைகளில் அளந்து எண்ணைச் சொல்வோம். அவள் பட்டை என்ன சொல்கிறதென்று அவள் சொல்வாள். வேறு யாருடைய மாணவர்களாவது தண்ணீருக்கோ உணவுக்கோ ஒரு முறை செய்துவிட்டு, ஒப்பிட இடமில்லாமல் இருந்தால் எழுதுங்கள். சாம்பிள் எடுத்த தேதி, இடம், சேர்த்த அமிலம் எல்லாவற்றையும் லேபிளில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மார்க்கர் பேனாவில் எழுத வேண்டாம், ஈரம் பட்டால் அழிந்துவிடும். பென்சில்தான் நல்லது.